கடவுள் நம்பிக்கை இல்லாத தலைவர் நல்லா ஆள்வாரா? பூட்டோ, கொல்வின், நேருவை வச்சு ஒரு ஒப்பீடு

1949 அக்டோபர் 17. டெல்லியில அரசியல் நிர்ணய சபையில முகப்புரை மேல விவாதம் ஓடிட்டிருக்கு. எச்.வி. காமத் எந்திரிச்சு, "கடவுளின் பெயரால்"னு முகப்புரை ஆரம்பிக்கணும்னு ஒரு திருத்தம் கொண்டு வர்றார். பட்டம் தாணு பிள்ளை, இது நம்பிக்கை விஷயத்துல கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடும்னு எதிர்க்கிறார். பூர்ணிமா பானர்ஜி, கடவுளை ஓட்டுக்கு விடற சங்கடத்துல எங்களை மாட்டி விடாதீங்கன்னு காமத்கிட்ட கேட்டுக்கிறாங்க. அவர் விடல, ஓட்டெடுப்பு வேணும்னு நின்னுட்டார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோத்துப் போச்சு.

இதுல எனக்கு முக்கியமா படறது, அந்த சபையில உக்காந்திருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தினமும் சாமி கும்பிடறவங்க, கோயில் குளம்னு போறவங்க, தலைமை நாற்காலியில இருந்த ராஜேந்திர பிரசாத் ஊரறிஞ்ச பக்திமான், அப்படிப்பட்ட சபைதான் நாட்டோட சட்டத்தை கடவுள் பேர்ல ஆரம்பிக்க வேணாம்னு முடிவு பண்ணுச்சு. அதனால "நாத்திகர் ஆண்டா நல்லா ஆள்வாரா, ஆத்திகர் ஆண்டா நல்லா ஆள்வாரா"ன்னு ரெண்டு பெட்டியா பிரிச்சுட்டுப் பேச ஆரம்பிச்சாலே விஷயம் நழுவிடுது. ஆனாலும் கேள்வி நிஜமான கேள்விதான். நம்மளை ஆளப்போறவருக்கு மதம் இருக்கணுமா வேணாமான்னு ஒருத்தர் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும், "ரெண்டும் ஒண்ணுதான்"னு நழுவக் கூடாது. பூட்டோ, கொல்வின், நேருன்னு மூணு பேரையும், அவங்க பக்கத்துல இருந்த பக்திமான்களையும் வச்சுப் பாத்துட்டு என் பதிலையும் சொல்லிடறேன்.

முதல்ல ஒரு ஆப்ஷனை தூக்கி ஓரமா வச்சிடலாம். அரசே நாத்திகத்தை சட்டமாக்கறது. அல்பேனியாவுல கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஷா 1967ல மசூதி சர்ச் எல்லாத்தையும் மூடினார், 1976 அரசியல் சட்டத்துல அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்கலைன்னே எழுதி வச்சாங்க, ஷ்டியெஃபென் குர்ட்டின்னு ஒரு பாதிரியாரை ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததுக்காக சுட்டே கொன்னாங்க. இது மதமில்லாத தலைவரோட ஆட்சின்னு சொல்றத விட, வேற நம்பிக்கை வச்சிருந்தா உயிரோட விடமாட்டேன்னு சொன்ன ஆட்சின்னு சொல்லலாம். இதுல பேச ஒண்ணுமில்ல, அடுத்ததுக்குப் போவோம்.

பாகிஸ்தான்தான் ரொம்ப நேரம் நின்னு பாக்க வேண்டிய இடம். ஜின்னா பெரிய மதாசாரம் உள்ள ஆள் கிடையாது, கராச்சியில 1947 ஆகஸ்ட் 11 அன்னைக்கு அவர் பேசின பேச்சு இன்னைக்கும் படிக்கலாம், நீங்க கோயிலுக்குப் போங்க மசூதிக்குப் போங்க, அதுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னார். முதல் சட்ட மந்திரியா ஜோகேந்திரநாத் மண்டல்னு ஒரு தலித் இந்துவை வச்சிருந்தார். ஜின்னா 1948 செப்டம்பர்ல இறந்தார், 1949 மார்ச்லயே பிரதமர் லியாகத் அலி கான் குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டு வந்து நாட்டை இஸ்லாம் பக்கம் திருப்பிட்டார், 1950ல மண்டல் ராஜினாமா பண்ணிட்டு இந்தியாவுக்கே வந்துட்டார். ஒரு மனுஷனோட தாராள மனசை மட்டும் நம்பி ஒரு நாடு இருந்தா, அவர் செத்த ஆறாவது மாசம் என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அப்புறம் 1970கள்ல பாகிஸ்தானை ஆண்ட சுல்ஃபிகர் அலி பூட்டோ. மேல்நாட்டுப் படிப்பு, சோஷலிசம், லாகூர்ல ஒரு பொதுக்கூட்டத்துல ஆமா நான் குடிப்பேன், ஆனா மக்களோட ரத்தத்தைக் குடிக்கலன்னு மைக்லயே சொன்ன ஆளு. யாராவது அவரைப் பாத்தா இவர் மதத்தை அரசியல்ல கலக்க மாட்டார்னுதான் நினைப்பாங்க. 1970 தேர்தல்ல அகமதியா மக்கள் (தங்களை முஸ்லிம்னு சொல்லிக்கிற, ஆனா மத்த முஸ்லிம்கள் பலர் ஏத்துக்காத ஒரு சிறுபான்மைப் பிரிவு) பெரும்பாலும் அவரோட கட்சிக்குத்தான் ஆதரவு கொடுத்தாங்க. 1974 மே மாசம் அகமதியாக்களோட ஊரான ரப்வாவுல ரயில்வே ஸ்டேஷன்ல காலேஜ் பசங்களுக்கும் அகமதியாக்களுக்கும் நடந்த அடிதடி நாடு முழுக்க கலவரமா பரவுச்சு, மதக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து அகமதியாக்களை முஸ்லிம் இல்லன்னு அறிவின்னு நெருக்குனாங்க, செப்டம்பர் 7 அன்னைக்கு பூட்டோவோட பாராளுமன்றமே ரெண்டாவது அரசியல் சட்டத் திருத்தமா அதைப் பாஸ் பண்ணுச்சு. ஒருத்தன் என்ன மதம்ங்கறதை பாராளுமன்றத்துல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க! டெல்லியில 1949ல கடவுளையே ஓட்டுக்கு விட வேணாம்னு ஒரு அம்மா கெஞ்சினதை இது பக்கத்துல வச்சுப் பாருங்க.

அப்துஸ் சலாம்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி, அரசாங்கத்துக்கே அறிவியல் ஆலோசகரா இருந்தவர், அகமதியா. அந்த சட்டம் வந்ததும் பதவியை விட்டுட்டார். 1979ல நோபல் வாங்கினார். 1996ல இறந்தப்போ ரப்வாவுல அடக்கம் பண்ணாங்க, கல்லறையில முதல் முஸ்லிம் நோபல் விஞ்ஞானின்னு பொறிச்சிருந்தாங்க, அதுல "முஸ்லிம்"ங்கற வார்த்தையை மட்டும் பின்னாடி அதிகாரிங்க அழிச்சிட்டாங்க. மத்த எழுத்தெல்லாம் அப்படியே இருக்க நடுவுல ஒரு காலி இடம். அந்தக் கல்லோட போட்டோவைப் பாத்துட்டு பூட்டோவை செக்யூலர் தலைவர்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அதோட நின்னுச்சா? 1977ல தேர்தல் முறைகேடுன்னு எதிர்க்கட்சிக் கூட்டணி தெருவுல இறங்கினதும், அவங்களை சமாதானப்படுத்த மதுவிலக்கு, சூதாட்டத்துக்குத் தடை, வெள்ளிக்கிழமை வார லீவுன்னு வரிசையா கொடுத்தார். குடிப்பேன்னு மேடையில சொன்னவரே மதுவிலக்கு கொண்டு வந்தார். எதுவும் காப்பாத்தல, ஜூலை 5 ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடிச்சார், 1979 ஏப்ரல்ல பூட்டோவைத் தூக்குல போட்டாங்க. ஜியா நிஜமாவே தொழுகை நோன்புன்னு இருந்த பக்திமான், ஹுதூத்ங்கற இஸ்லாமிய தண்டனைச் சட்டங்கள், 1984ல அகமதியாக்கள் தங்களை முஸ்லிம்னு சொல்லிக்கிட்டாலே ஜெயில்னு அவசரச் சட்டம், 1986ல மத நிந்தனைக்கு மரண தண்டனைன்னு போயிட்டே இருந்தார். ரெண்டு பேர்ல ஜியா மோசம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஜியா உள்ள நுழைஞ்ச கதவைத் திறந்து வச்சது மதப்பற்று இல்லாத பூட்டோதான்.

இலங்கைக்கு வாங்க. இது நமக்குக் கொஞ்சம் அதிகமா வலிக்கிற இடம். கொல்வின் ஆர். டி சில்வா, 1935ல லங்கா சமசமாஜக் கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், ட்ராட்ஸ்கி வழி மார்க்சியவாதி. 1956ல சிங்களம் மட்டும் சட்டம் வந்தப்போ பாராளுமன்றத்துல எந்திரிச்சு, ரெண்டு மொழின்னா ஒரு நாடு, ஒரு மொழின்னா ரெண்டு நாடுன்னு சொன்னவர். தமிழ் மக்களுக்கு இன்னைக்கும் அந்த வரி மறக்கல. சரி, 1970ல சிறிமாவோ பண்டாரநாயக்கவோட கூட்டணி ஜெயிச்சு, இவர் அரசியலமைப்பு விவகார அமைச்சர் ஆகறார். 1972 மே 22 அன்னைக்கு வந்த புதுக் குடியரசு யாப்பு (அரசியல் சட்டத்தை அங்க அப்படித்தான் சொல்வாங்க) இவர் கையால உருவானது. அதுல பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பேணி வளக்கறது அரசோட கடமைன்னு இருக்கு. அது மட்டுமில்ல, பழைய சோல்பரி யாப்புல 29ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, மத்தவங்களுக்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் கொடுக்கற சட்டத்தை பாராளுமன்றம் போட முடியாதுன்னு சொல்ற பிரிவு, புது யாப்புல அதுக்கு இடமே இல்லாமப் போச்சு. சிங்களம்தான் ஆட்சி மொழிங்கறதை யாப்புக்குள்ளயே கொண்டு போனாங்க. தமிழரசுக் கட்சி 1971லயே அந்த யாப்பை எழுதின சபையை விட்டு வெளிய வந்துடுச்சு, அதோட தலைவர் செல்வநாயகம் எம்பி பதவியையே ராஜினாமா பண்ணி மக்கள்கிட்ட போய் நின்னார், 1975 இடைத்தேர்தல்ல காங்கேசன்துறை அவரைத் திரும்ப ஜெயிக்க வச்சுச்சு. செல்வநாயகம் கிறிஸ்தவர்ங்கறதையும் கவனிங்க. பெரும்பாலும் சைவ சமயத்தவங்களா இருக்கிற ஒரு மக்கள் அவரைத் தந்தைன்னு கூப்பிட்டாங்க, அவர் எந்த சாமியைக் கும்பிடறார்னு யாரும் கணக்குப் பாக்கல.

மார்க்சியவாதி எழுதின யாப்புல பௌத்தம் முதல் இடத்துக்கு எப்படி வந்துச்சு? கொல்வினுக்கு ராத்திரியோட ராத்திரியா பக்தி வந்துடல. அவங்க கட்சி தனியா ஆட்சிக்கு வர முடியாது, சிறிமாவோவோட சுதந்திரக் கட்சியோட தயவுல மந்திரி ஆனவர், அந்தக் கட்சி 1956லேர்ந்தே பிக்குகளோட ஆதரவுல நின்ன கட்சி. நாற்காலியை யார் கொடுத்தாங்களோ அவங்க கேட்டதை எழுதிக் கொடுத்தார்.

அந்த சுதந்திரக் கட்சியை ஆரம்பிச்ச எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கதை இன்னும் நேரடியானது. ஆங்கிலிக்கன் குடும்பத்துல பொறந்து பௌத்தத்துக்கு மாறினவர். 1956ல பிக்குகள் ஊர் ஊரா போய் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வச்சாங்க. 1957 ஜூலையில தமிழ்ப் பகுதிகளுக்குக் கொஞ்சம் அதிகாரம் கொடுக்கறதா செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டார், அது நின்னிருந்தா அந்தத் தீவோட வரலாறே வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நம்பறேன். 1958 ஏப்ரல்ல பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ்ல அவர் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க, ஒப்பந்தம் ரத்துன்னு எழுத்துல கொடுன்னாங்க, எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் செப்டம்பர் 25, அதே வீட்டு வராந்தாவுல, கும்பிட்டு வணங்கப் போன பிரதமரை தல்துவே சோமராமங்கற பிக்கு சுட்டார், மறுநாள் உயிர் போச்சு. சதிக்குப் பின்னாடி இருந்தவர்னு தண்டனை வாங்கினது களனி விகாரையோட தலைமை பிக்கு புத்தரக்கித்த, 1956ல பண்டாரநாயக்கவுக்காக ஓடி ஓடி வேலை பாத்தவர், ஜெயிச்சதுக்கு அப்புறம் எதிர்பாத்த சலுகையெல்லாம் கிடைக்கலங்கற ஆத்திரம்.

இந்த மூணு பேரையும், பூட்டோ கொல்வின் பண்டாரநாயக்க, வரிசையா வச்சுப் பாத்தா அவங்க மனசுக்குள்ள கடவுள் இருந்தாரா இல்லையாங்கறது எந்த முடிவையும் மாத்தல. யாருக்குக் கடன்பட்டு ஆட்சியில உக்காந்திருக்காங்கங்கறதுதான் மாத்துச்சு. அதுலயும் மதப்பற்று இல்லாத தலைவருக்கு ஒரு தனி பலவீனம் இருக்கு, அதை நாம ஒத்துக்கணும். "இவன் நம்ம மதத்துக்கு எதிரி"ன்னு எவனாவது கிளப்பி விட்டா, இல்லன்னு நிரூபிக்கறதுக்காக அவர் ஒரு பக்திமானை விட ரெண்டு மடங்கு அதிகமா கொடுக்க வேண்டி வருது. 

ராஜீவ் காந்தியைப் பெரிய பக்திமான்னு யாரும் சொன்னதில்ல, ஆனா 1985ல ஷா பானு தீர்ப்பு (விவாகரத்தான முஸ்லிம் பொண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டுன்னு சொன்னது) வந்ததும் முஸ்லிம் அமைப்புகளுக்குப் பயந்து 1986 மே மாசம் தீர்ப்பையே செல்லாமலாக்கற சட்டம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பிப்ரவரி 1 அன்னைக்கு அயோத்தியில பாபர் மசூதியோட பூட்டுத் திறப்பு. உத்தரவு போட்டது ஃபைசாபாத் கோர்ட்தான், ஆனா எதிர்த்து அப்பீல் போகக்கூட அரசாங்கம் நேரம் எடுத்துக்கல, அன்னைக்கே திறந்து விட்டாங்க. 1989 தேர்தல் பிரச்சாரத்தை ஃபைசாபாத்ல ராம ராஜ்யம்னு பேசி ஆரம்பிச்சார். ரெண்டு பக்கமும் கொடுத்தார், ரெண்டு பக்கமும் நம்பல.

இப்ப பக்திமான்கள் பக்கம். 1948 ஜனவரி 13 அன்னைக்கு காந்தி டெல்லியில உண்ணாவிரதம் உக்காந்தார். ராமநாமம் இல்லாம ஒரு நாள் போகாத மனுஷன். அவர் வச்ச நிபந்தனைகள் என்னன்னு பாருங்க, மெஹ்ரௌலியில குத்புதீன் பக்தியார் தர்காவோட உர்ஸ் விழா எப்பவும் போல பயமில்லாம நடக்கணும், கலவரத்துல ஆக்கிரமிச்ச மசூதிகளைத் திருப்பிக் கொடுக்கணும். 18 அன்னைக்கு எல்லா அமைப்புகளும் எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் முடிச்சார், 27 அன்னைக்கு அவரே மெஹ்ரௌலிக்குப் போனார், 30 அன்னைக்கு சுட்டுக் கொன்னாங்க. இந்த அளவுக்கு மத்த மதத்துக்காரனுக்காக நிக்க நாத்திகரால முடியும், ஆனா நீ இந்துக்களுக்கு எதிரின்னு சொன்னா காந்திகிட்ட அது அவ்ளோ சுலபமா ஒட்டாது. அந்த கவசம் ஒரு பக்திமானுக்கு மட்டும்தான் கிடைக்கும். சோம்நாத் கோயிலைக் கட்டறதா பட்டேல் அறிவிச்சப்போகூட, அரசாங்கப் பணம் கூடாது, ஜனங்க கொடுக்கற காசுல கட்டுங்கன்னு சொன்னது காந்திதான்.

மாநில அளவுல இன்னொரு ஜோடியை எடுத்துக்கலாம், ஏன்னா இது நம்ம வீட்டுப் பொண்ணுங்க சொத்து சம்பந்தப்பட்டது. பரம்பரைச் சொத்துல மகளுக்கும் மகனுக்கு சமமா பங்குன்னு ஆந்திராவுல 1986ல சட்டம் வந்துச்சு, அப்ப முதலமைச்சர் காவி கட்டிட்டு நடந்த என்.டி. ராமராவ். அதே சட்டம் தமிழ்நாட்டுல 1989ல, முதலமைச்சர் வெளிப்படையா நாத்திகம் பேசின கலைஞர். மத்திய அரசு 2005லதான் அங்க வந்து சேந்துச்சு. காவியும் கறுப்பும் ஒரே சட்டத்தை எழுதியிருக்குன்னா, அந்த விஷயத்துல நம்பிக்கையை வச்சு ஓட்டுப் போட்டிருந்தா எந்தப் பொண்ணுக்கு என்ன லாபம்?

அப்ப ரெண்டும் ஒண்ணுதானான்னு கேட்டீங்கன்னா, இல்ல. கடன் இல்லாத ரெண்டு பேரை, ரெண்டு பேரும் நேர்மையானவங்க, ஒருத்தர் நம்பாதவர் ஒருத்தர் நம்பறவர், பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். அந்த ஜோடி நேருவும் ராஜேந்திர பிரசாத்தும்.

நேரு தன்னோட நம்பிக்கையின்மையை ஒளிச்சு வைக்கல. 1954ல எழுதின உயில்லயே, செத்த பிறகு மதச் சடங்கு எதுவும் வேணாம், கொஞ்சம் சாம்பலை கங்கையில கரைங்க, அதுல மத அர்த்தம் எதுவும் இல்ல, மீதியை விமானத்துலேர்ந்து விவசாயிங்க பாடுபடற வயல்ல தூவுங்கன்னு எழுதினார் (1964ல சடங்கோடதான் எரிச்சாங்க, அது வேற வருத்தம்). சோம்நாத்ல 1951 மே 11 பிரதிஷ்டைக்கு ஜனாதிபதியா இருந்த பிரசாத் போக வேணாம்னு சொன்னார், சௌராஷ்டிரா அரசு பணம் கொடுத்ததை எதிர்த்தார், முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதி இது அரசாங்க விழா இல்லன்னு தெளிவுபடுத்தினார். பிரசாத் போனார். கூப்பிட்டா மசூதிக்கும் சர்ச்சுக்கும் இதே மாதிரி போவேன்னு அவர் சொன்னார், அதை நான் நடிப்புன்னு சொல்ல மாட்டேன், அவர் மனசார சொன்னார்னுதான் நினைக்கிறேன்.

ஆனா இந்து சட்ட மசோதா வந்தப்போ கதை மாறுது. விவாகரத்து உரிமை, ஒரு மனைவிதான், பொண்ணுக்கு அப்பா சொத்துல பங்கு, இதெல்லாம்தான் அதுல இருந்துச்சு. 1951 செப்டம்பர்ல பிரசாத் நேருவுக்கு எழுதறார், இந்த மசோதாவைத் தன்னோட சொந்த முடிவுப்படி பரிசீலிக்க வேண்டியிருக்கும்னு. அதாவது அமைச்சரவை சொன்னாலும் கையெழுத்துப் போடாம இருப்பேன்ங்கற அர்த்தம். நேரு சட்ட நிபுணர்கள்கிட்ட கேட்டார், நம்ம அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்தான் ஜனாதிபதி அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்கணும்னு தெளிவா சொன்னவங்கள்ல முக்கியமானவர். பிரசாத்தை யாரும் மிரட்டல, அவர் யார்கிட்டயும் கடன்படல, ஓட்டுக்காகவும் பண்ணல. அவரோட பக்தியே உள்ளேர்ந்து அவரை இழுத்துச்சு, கோடிக்கணக்கான பொண்ணுங்களோட உரிமை தன் கையெழுத்துல நிக்குதுன்னு தெரிஞ்சும்.

இங்க நேரு என்ன பண்ணார்? மசோதா நின்னு போச்சு, அம்பேத்கர் மனசு வெறுத்து ராஜினாமா பண்ணார், அதுல நேருவுக்கும் பங்கு உண்டு, இன்னும் கெட்டியா நின்னிருக்கலாம். ஆனா அதுக்கப்புறம் அவர் பண்ணதுதான் எனக்கு முக்கியம். 1951-52 தேர்தல்ல அலகாபாத் பக்கம் அவர் தொகுதியிலயே பிரபுதத் பிரம்மச்சாரின்னு ஒரு சாமியார், மௌன விரதம் இருக்கிறவர், இந்து சட்ட மசோதாவை எதிர்க்கறது ஒண்ணுதான் கொள்கைன்னு எதிர்த்து நின்னார். நேரு ஒளியல, மழுப்பல, பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சு, 1955ல திருமணச் சட்டம், 1956ல வாரிசுரிமைச் சட்டம்னு பிரிச்சுப் பிரிச்சு கொண்டு வந்துட்டார். பிரசாத்தே கையெழுத்துப் போட்டார். தன் நம்பிக்கை என்னன்னு முதல்லயே சொல்லிட்டு ஜெயிச்சவரை, நீ மதத்துக்கு எதிரின்னு சொல்லி மிரட்ட முடியாது, அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். பூட்டோவுக்கு அந்த சுதந்திரம் கிடைக்கல, ஏன்னா அவர் கடைசி வரைக்கும் தன்னை நல்ல முஸ்லிம்னு நிரூபிச்சுட்டே இருக்க வேண்டி இருந்துச்சு.

நேரு கிட்ட குறை இல்லன்னு சொல்ல வரல. 1949 டிசம்பர் 22 ராத்திரி பாபர் மசூதிக்குள்ள சிலையை வச்சப்போ, அதை எடுக்கச் சொல்லி உ.பி. முதலமைச்சர் பந்த்துக்கு எழுதினார், ஜில்லா கலெக்டர் கே.கே. நாயர் முடியாதுன்னுட்டார், சிலை அங்கயே இருந்துச்சு. பிரதமர் மதச்சார்பில்லாதவரா இருந்தா போதாது, கலெக்டர் வரைக்கும் அது இறங்கணும். முஸ்லிம் தனிச்சட்டத்தை அவர் தொடவே இல்ல, பிரிவினைக்கு அப்புறம் பயந்து கிடந்த மக்களை சீண்ட வேணாம்னு நினைச்சது புரியுது, ஆனா அந்த சமூகத்துப் பொண்ணுங்க அதுக்கு விலை கொடுத்தாங்க, ஷா பானு வரைக்கும்.

என் முடிவு இதுதான். பூட்டோ மாதிரி ஒருத்தரும் காந்தி மாதிரி ஒருத்தரும் நின்னா, கண்ணை மூடிட்டு காந்திக்குப் போடுவேன். கொல்வின் மாதிரி பெரிய கட்சியோட தயவுல நிக்கறவர்னா, அவர் எவ்ளோ படிச்ச நாத்திகரா இருந்தாலும் அந்தப் பெரிய கட்சிக்கு யார் ஓட்டு சேத்துக் கொடுக்கறாங்கன்னு பாத்துட்டுத்தான் பேசுவேன். நேரு பிரசாத் மாதிரி ரெண்டு நேர்மையான ஆள் நின்னா, நேருவுக்கு. பிரசாத் நல்ல மனுஷன், சொல்லப்போனா நேருவை விட எளிமையான மனுஷன், ஆனா சட்டத்துக்கும் அவரோட சாஸ்திரத்துக்கும் நடுவுல அவர் ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சார், அந்த ஒரு நிமிஷத்துல தொங்கினது வாழாவெட்டின்னு ஒதுக்கி வச்ச பொண்ணுங்களோட வாழ்க்கை.